இருநூற்றுப் பதினாலு கோடிக்கு அடுத்த புள்ளி

ராஜேஷ்குமாரின் கணினிப் பெட்டி மேல் மூன்று நாளாக எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. ஒத்தக்கடையில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியிலிருந்த அந்த ஆபீஸின் வழக்கம் அது. யார் எழுதிய கோடால், அதாவது நிரலால், வேலை கெட்டதோ அவர் மேஜையில் பழம் ஏறும், சரிசெய்தால்தான் இறங்கும். ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் விளையாட்டாக ஆரம்பித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

செயற்கைக்கோள் படங்களை ஒட்டி வயல்களைக் காட்டும் நிரல் அவனுடையது. ஒரு ஒன்றியத்தின் படத்தைக் கொடுத்தால் ஒழுங்காக ஓடியது. மாவட்டம் முழுவதையும் கொடுத்ததும் பாதியில் படுத்துவிட்டது. மூன்று மணிக்கு வாடிக்கையாளர் அழைப்பார். பழியை அவன் மேல் போட்டு, சாயங்காலமே அவனை வேலையை விட்டு அனுப்புவதென்று மேனேஜர் முத்துக்குமரன் முடிவு செய்திருந்தார். அவன் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"எம்புட்டுத் தேடியும் என் கோடுல தப்பு தெரியலக்கா," என்று காலையில் பாண்டீஸ்வரியிடம் வந்து நின்றான். அவன் எழுதுவதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் அவள் பொறுப்பு. அவனைச் சமாதானப்படுத்தத்தான் ஒரு சோதனையை ஓட்டினாள். படமே இல்லை, வெறும் புள்ளிகளின் வரிசை. இருநூற்றுப் பதினாலு கோடியே எழுபத்துநாலு லட்சத்துச் சொச்சம் வரை பிசகாமல் எண்ணியது. அடுத்த புள்ளிக்கு, கழித்தல் இருநூற்றுப் பதினாலு கோடி என்றது. தன் கம்பைலரின் பழைய வரிகளைத் திறந்தாள்.

புள்ளிகளின் வரிசை எண்ணுக்குக் கம்பைலரில் முன்பு அறுபத்துநாலு பிட் இடம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வேகத்துக்காக அதை முப்பத்திரண்டாகக் குறைத்தவள் அவள்தான். அதில் இருநூற்றுப் பதினாலு கோடிச் சொச்சம்தான் அடங்கும், மேலே போனால் எண் கழித்தலுக்குத் திரும்பிவிடும். எண் அதற்குள் அடங்குமா என்று பார்க்க ஒரு வரியும் எழுதினாள். அந்த ஒரு வரி வேகத்தைத் தின்றதால், வெளியே போகும் பதிப்பில் அதை எடுத்துவிட்டாள். சோதனைப் படங்கள் எல்லாமே சின்னவை, எதுவும் மாட்டவில்லை. வேகம் கூடியதற்குக் கைதட்டி ஒரு கோப்பை கொடுத்தார்கள். அதில் இப்போது பேனா போட்டு வைத்திருக்கிறாள்.

மணி இரண்டு ஐம்பது. ராத்திரி சத்தமில்லாமல் திருத்திவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அவளைக் குழுத்தலைவி ஆக்குவதாகப் பேச்சு வேறு. அப்படி நினைத்ததும் வந்த நிம்மதியை அவளுக்கே பிடிக்கவில்லை.

மாடிப்படியில் ராஜேஷ்குமார் அவன் அம்மாவிடம் போனில் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எல்லாம் நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்கிறவனின் குரல் விளங்கியது.

"பாண்டீஸ்வரி, வாம்மா. லைன்ல வரப்போறாங்க," முத்துக்குமரன் அறையிலிருந்து கூப்பிட்டார்.

"வாரேண்ணே."

பேனாக்களை மேஜையில் கொட்டினாள். ராஜேஷ்குமாரின் பெட்டி மேலிருந்த பழத்தை எடுத்துக் கோப்பைக்குள் போட்டாள். உள்ளே போய் அவர் முன்னால் வைத்தாள்.

"இது எதுக்குத்தா இங்க?"

"பழம் தப்பான மேசையில இருந்துச்சுண்ணே. அவன் கோடுல ஒண்ணுமில்ல. கம்பைலர்ல நான் செஞ்சது."

முத்துக்குமரன் கோப்பையில் பொறித்திருந்த அவள் பெயரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போன் மேஜையை அதிரவைத்து அடிக்கத் தொடங்கியது. அதை எடுக்கப் போன அவர் கை பாதியில் நின்றது. அதிர்வில் பழம் கோப்பைக்குள் மெல்லப் புரண்டு, கறுத்துப் போன பக்கத்தை மேலே காட்டியது.