பாதியில் நின்ற கை

ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் மூக்கு நுனி விறைத்துப்போகிற குளிரில், கம்பளியை உதறிவிட்டுச் சைக்கிள் மிதிக்கக் கிளம்புகிறவர்களுக்குப் புத்தி கொஞ்சம் பிசகியிருக்க வேண்டும் என்பது மாஸ்டரின் மனைவி பல வருடங்களாகச் சொல்லிவருவது. அன்றைக்கும் சொன்னாள். ஆனால் குரலில் பழைய கிண்டல் இல்லை. நடையில் குந்தி உட்கார்ந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த கணவரின் பக்கத்தில் அவருடைய தடித்த கையுறைகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

“நீங்க முன்னாடி போங்க. தம்பி பின்னாடியே வரட்டும். ஒரு வருஷம் கழிச்சு சைக்கிள்ல ஏறுறான், பயம் இருக்கும்ல.”

மாஸ்டர் பம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். பயம் யாருக்கு என்பது அவருக்கல்லவா தெரியும்.

மாஸ்டர் என்பது அவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூலில் இருபத்து மூன்று வருடம் ஆகிறது. அவருடைய காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அது அவர் காலுக்கு. “கண்ணாடியைப் பாருங்க, சிக்னல் போடுங்க, பின்னாடி வர்றவன் உங்க மனசைப் படிக்க முடியாது” என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்லித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அப்பேர்ப்பட்ட மனிதர்தான், போன வருடக் குளிர்காலத்தில், தன் பின்னால் வந்த மச்சினனுக்குக் காட்ட வேண்டிய கையைக் காட்டாமல் விட்டார். அது அவரைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவராகச் சைக்கிள் மிதிப்பதில் ஒரு முறை இருக்கிறது. முன்னால் போகிறவர் எதிர்க்காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவர் அந்த முதுகின் மறைவில் ஒண்டிக்கொண்டு பாதி உழைப்பில் வந்துவிடுவார். ஒண்ட வேண்டுமானால் முன் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வர வேண்டும். அவ்வளவு நெருங்கி வந்தால் முதுகும் சக்கரமும் தவிர ரோடு என்று ஒன்று கண்ணில் படாது. ஆகவே பார்க்கிற வேலை முன்னால் போகிறவருடையது. சின்னப் பள்ளம் என்றால் விரலால் கீழே காட்டுவார். பெரிய பள்ளமோ வழுக்கலோ என்றால் கையைப் பக்கத்தில் நீட்டி, விரித்து, தாழ்த்தி ஆட்டுவார். இருபது மின்கம்பத்துக்கு ஒரு தடவை ஆள் மாறிக்கொள்ளலாம். மற்றபடி பின்னால் வருகிறவர் தன் இரண்டு கண்ணையும் முன்னால் போகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மிதிக்கிறார்.

மச்சினன் பெயிண்டர். மாஸ்டரைவிடப் பதின்மூன்று வயது இளையவன். நாக்கு கொஞ்சம் நீளம், ஆனால் மனசில் ஒன்றும் இருக்காது. போன வருடம் ஒரு நாள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, “மாமா பின்னாடி போனா காத்தே படாதுக்கா, லாரிக்குப் பின்னாடி போற மாதிரி சுகமா இருக்கும்” என்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு, அந்த லாரியை ஒரு வாரம் நெஞ்சிலேயே நிறுத்தி வைத்திருந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆணின் வயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் யாராக இருந்தாலும் இரண்டு தடவை யோசிப்பது நல்லது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வயல்களுக்கு நடுவே போகிற அந்த ஆளில்லாத ரோட்டில், மேட்டில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தவரை அவன் எட்டிப்பிடித்து, “உங்க வேகத்துல போனா வீட்டுக்குப் போக நாளைக்கு ஆயிடும் மாமா” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான். மேடு இறங்கினால் ஒரு வளைவு. வளைவு தாண்டினால் வாய்க்கால் பாலம். கீழே தண்ணீர் ஓடுவதால் ரோட்டில் இல்லாத உறைபனி பாலத்தின் மேல் மட்டும் பிடித்திருக்கும். மாஸ்டர் அதைப் பார்த்தார். மெழுகிவிட்டதுபோல் மினுமினுத்தது. இடது கை தன்னால் எழும்பியது. அந்த நேரத்தில்தான் உள்ளே ஒரு குரல், ‘பெரிய வேகக்காரன்தானே, அவனே பார்த்துக்கொள்ளட்டும்’ என்றது. கை திரும்பி ஹேண்டில்பாரில் உட்கார்ந்துகொண்டது. அவன் விழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சக்கரம் ஒரு தடவை வழுக்கி, அவன் வாய் ஒரு தடவை அடைத்துப்போனால் போதும் என்று நினைத்தார்.

மாஸ்டர் நேராகப் பிடித்து, மிதிக்காமல், பாலத்தைக் கடந்துவிட்டார். பின்னால் சைக்கிள் ரோட்டில் இழுபடும் சத்தம் கேட்டது.

மச்சினனுக்குத் தோளில் இடது காறை எலும்பு இரண்டு துண்டு. தகடு வைத்துத் திருகி மூடினார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் மனைவி ஓடி வந்தபோது, “கண்ணுக்கே தெரியல. ரோடு மாதிரியே இருந்துச்சு” என்றார் மாஸ்டர். “உங்க தப்பா இது? பனியைப் போய் யாரு திட்ட முடியும்” என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள் அவள். அந்தத் தடவலுக்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு எட்டு மாதம், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதுபோல, தினமும் காலையில் மச்சினனையும் அவனுடைய பெயிண்ட் வாளிகளையும் காரில் ஏற்றி வேலை நடக்கிற இடத்தில் விட்டுவிட்டுத்தான் மாஸ்டர் முதல் வகுப்புக்குப் போனார். மனைவி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினாள். மச்சினனின் இடது கை மட்டும் தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. ஏணியில் நின்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பெயிண்ட் உருளையை ஓட்டுகிறவனுக்குப் பிடிக்கிற கை எட்டவில்லை என்றால் என்ன செய்வது? சீலிங் பூச்சுக்கு வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தான். “நான் இப்ப பாதிச் சுவர் பெயிண்டர்” என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொள்வான்.

இப்போது அவன் வாசலில் வந்து நின்று மணியடித்தான். புதுச் சக்கரம், புதுத் தலைக்கவசம், பழைய வாய்.

“என்ன மாமா, லாரி ரெடியா?”

ஊர் எல்லை தாண்டியதும் வெயில் வந்தது. குளிர்காலத்துச் சூரியன் மேலே ஏறச் சோம்பல்பட்டுக்கொண்டு, அவர்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்வாகவே நின்றது. இரண்டு பேரின் நிழலும் முன்னால் நீண்டு, வலப்பக்கமாகச் சாய்ந்து, உழுது போட்டிருந்த வயலின் ஓரத்தில் ஏறி இறங்கி ஓடின. இலையில்லாத மரங்கள், பூட்டிய ஒரு பண்ணைக் கொட்டகை, எதிரே ஒரு வண்டிகூட இல்லை. மாஸ்டர் கண்ணும் கருத்துமாகப் பார்த்து ஓட்டினார். பள்ளத்துக்குக் கை காட்டினார். ஈரச் சருகுக்குக் கை காட்டினார். யாரோ போட்டுவிட்டுப் போன ஒற்றைச் செருப்புக்குக்கூட மறக்காமல் காட்டினார்.

“மாமா, ஒரு எறும்பு போகுது, அதை விட்டுட்டீங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மாஸ்டர் சிரிக்க நினைத்தார். அப்போதுதான் நிழலைக் கவனித்தார். முன்பெல்லாம் இந்த ரோட்டில் இரண்டு நிழலும் ஒட்டிக்கொண்டு நாலு சக்கர வண்டிபோல் போகும். இன்றைக்கு நடுவில் நல்ல இடைவெளி, இன்னொரு சைக்கிள் தாராளமாக நுழையலாம். பின் நிழல் கொஞ்சம் ஒதுங்கியும் வந்தது. அப்படி ஒதுங்கினால் முதுகின் மறைவு கிடைக்காது, காற்று முகத்தில் அடிக்கும். ஆனால் ரோடு தெரியும்.

பயம், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இன்னொரு பள்ளம் வந்தது. அவர் கையை எடுக்கும் முன்பே பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. அடுத்ததிலும் அப்படித்தான். ஈரத்தில் பிரேக் கட்டை கத்தும், அது சகஜம். அது முதலில் கத்துவதும் அவர் கை அப்புறம் எழும்புவதும்தான் சகஜமில்லை.

அவருடைய தொழிலில் இதற்குப் பெயர் தேர்ச்சி. அவர் சொல்வதற்கு முன்பே பிரேக்கில் கால் வைத்துவிட்டால், ‘இந்தப் பிள்ளை தேறிவிட்டது, இனி நான் தேவையில்லை’ என்று ஏட்டில் குறித்துவிடுவார். இன்றைக்கு அவருக்கு அப்படிக் குறிக்கத் தோன்றவில்லை. பயந்தவன் எதையும் நம்ப மாட்டான், சரி. ஆனால் பயந்தவன் எறும்பைப் பற்றிக் கிண்டலடித்துக்கொண்டு வருவானா? இவன் பயப்படவில்லை, என்னை நம்பவில்லை, அவ்வளவுதான் என்று அவருக்குப் புரிந்தது.

வளைவு தாண்டிப் பாலம் வந்தது. இன்றைக்கு வெறும் ஈரம்தான். மாஸ்டர் கையை விரித்து ஆட்டினார்; பிரேக் எப்போதோ கத்தியாகிவிட்டது. பாலத்தின் நடுவில் காலை ஊன்றி நின்றார்.

“மாப்ள, ஒரு நிமிஷம் இறங்கு.”

“என்ன மாமா, மூச்சு வாங்குதா?”

“அன்னைக்கு நான் பார்த்தேன்.”

மச்சினன் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தான்.

“பனியைப் பார்த்தேன். கை காட்ட நேரம் இருந்துச்சு. காட்டல. கண்ணுக்குத் தெரியலன்னு உங்கக்காகிட்ட சொன்னது பொய்.” ஒரு வருடமாக மென்று முழுங்கியதை மாஸ்டர் ஒரே மூச்சில் கொட்டினார். “நீ லாரின்னு சொன்னியே, அந்தக் கோபம்.”

“லாரிக்கா?”

“லாரிக்குத்தான்.”

இரண்டு பேரும் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காரணம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கக்கூடாதா என்று மாஸ்டருக்கு அவமானமாக இருந்தது.

“எனக்குத் தெரியும் மாமா” என்றான் மச்சினன்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

“பின்னாடி வர்றவன் வேற எதைப் பார்ப்பான்? உங்க கையைத்தான் பார்த்துட்டு வந்தேன். எழும்புச்சு. இதோ, இவ்வளவு தூரம். பாதியில நின்னு, திரும்பப் போய் உட்கார்ந்துச்சு. சரி, ஒண்ணுமில்ல போலன்னு நினைச்சு அழுத்தி மிதிச்சேன். கை போனதாலதான் மிதிச்சேன். அப்புறம் ஆஸ்பத்திரியில நீங்க கண்ணுக்கே தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.”

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“எட்டு மாசம் உங்க பக்கத்துல உட்கார்ந்துட்டு வந்தேன். இன்னைக்குச் சொல்லிடுவாரு, இன்னைக்குச் சொல்லிடுவாருன்னு தினமும் பார்ப்பேன். நீங்க ரேடியோவைச் சத்தமா வச்சுட்டு, மழை வருமா வராதான்னு பேசிட்டு வருவீங்க. இறங்கும்போது வாளியை வேற தூக்கிக் கொடுப்பீங்க. என்னன்னு கேக்கறது?”

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. கையுறையால் துடைத்ததில் முகம்தான் இன்னும் ஈரமானது. “மன்னிச்சுடு மாப்ள” என்றார். சின்னக் குரலில்தான் வந்தது.

“அது பெரிய வார்த்தை மாமா. சீலிங்கைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்கு ஒரு கோபம் வரும். இன்னும் கொஞ்ச நாளைக்கு வரத்தான் செய்யும். வந்துட்டுப் போகட்டும், நீங்க கண்டுக்காதீங்க.” அவன் சைக்கிளை நிமிர்த்தினான். “அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி இருக்கும்.”

“இன்னைக்கே சொல்றேன்.”

“சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. சொன்னதுக்கப்புறம் சோறு கிடைக்காது.”

அதற்கு மேல் போக இரண்டு பேருக்கும் மனசில்லை. சைக்கிளைத் திருப்பினார்கள்.

“நீ முன்னாடி போறியா?” என்று கேட்டார் மாஸ்டர்.

“நீங்களே போங்க. அக்கா அப்படித்தானே சொல்லி அனுப்பியிருப்பா.”

திரும்பும்போது சூரியன் எதிரே இருந்தது. ஈர ரோடு முழுக்க வெள்ளிப் பாளம்போல் பளபளத்தது. நிழல்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன; அவன் ஒட்டி வருகிறானா ஒதுங்கி வருகிறானா என்று பார்க்க வழியில்லை. திரும்பிப் பார்க்கலாம். அவர் பார்க்கவில்லை. தலைக்கவசத்தின் விளிம்புக்குக் கீழே கண்ணை இடுக்கிக்கொண்டு, சக்கரத்துக்கு முன்னால் கிடந்த ரோட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்துப் போனார்.

மேடு ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. கிண்டல் இல்லாத குரல்.

“மாமா, வெயில் கண்ணைக் கூசுது. எனக்கு ஒண்ணுமே தெரியல. பார்த்துச் சொல்லுங்க.”

“சரி மாப்ள.”

மாஸ்டர் இடது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, சட்டைக்குள் திணித்துக்கொண்டார். குளிர் விரல்களைக் கடித்தது. கடிக்கட்டும். நூறு அடி தள்ளி, கொட்டகைக்கு முன்னால், டிராக்டர் சக்கரம் பெயர்த்துவிட்டுப் போன பெரிய பள்ளம் ஒன்று தண்ணீர் நிறைந்து, ரோட்டோடு ரோடாக மின்னிக்கொண்டிருந்தது. வெயிலில் அது பள்ளம் என்று தெரிந்துகொள்ள, வரும்போதே பார்த்து வைத்திருக்க வேண்டும். அவர் பார்த்து வைத்திருந்தார். காதைத் தீட்டிக்கொண்டார். எழுபது அடி. ஐம்பது அடி. பின்னால் சக்கரம் உருளும் சத்தம் மட்டும்தான் கேட்டது, கிட்டத்தில்.

கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்து, தாழ்த்தி ஆட்டினார்.

அதற்குப் பிறகுதான் பிரேக் கிறீச்சிட்டது.