நீலமாக்கிய காற்று

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முத்தியால்பேட்டையில் எனக்கு மாலை வகுப்பு. கம்ப்யூட்டருக்குள் காற்றை ஓடவிட்டுப் பார்க்கும் படிப்பு. பக்கத்து இருக்கை மேனகா பகலில் சேதராப்பட்டில் ஒரு வால்வு கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: காற்றுக்கு நிறமில்லை என்று யார்...

(வேண்டாம். அழகாக இருக்கிறது. இந்த விவகாரத்தில் தப்பே அழகின் மேல்தான்.)

2
அழுத்தம் எகிறினால் திறந்து காற்றை வெளியே விடும் வால்வு அது. திறந்ததும் காற்று ஒலியைவிட வேகமாகப் பாய்ந்து, நெருக்குண்டு, சுழன்று, குழாயின் வளைவில் மோதுகிறது. மேனகாவின் கம்ப்யூட்டர் கணக்கு அந்த இடத்தில் நின்று நின்று போனது. கணக்குக்காகக் குழாயைப் பிரித்திருந்த கட்டங்களை இன்னும் பொடியாக்கிப் போட்டாள். கணக்கு முழுதாக ஓடியது. திரையில் வந்த படத்தில் வளைவு முழுக்க ஆபத்துச் சிவப்பு.

மேனேஜர் அருள்முருகனுக்குப் பிடிக்கவில்லை. கணக்கு தடுமாறாமலிருக்க, கொந்தளிப்பைக் கொஞ்சம் மழுப்பும் எண் ஒன்று சாஃப்ட்வேரில் உண்டு. அதை அவர் இஷ்டத்துக்கு ஏற்றினார். படம் ஆபத்தில்லாத நீலமானது.

"பார்ட்டி வந்து பாக்கறப்ப கலர் நல்லா இருக்கணும்மா."

ரிப்போர்ட்டில் மேனகா பெயரைப் போட்டுக் கையெழுத்தும் கேட்டார். திங்கட்கிழமை சோதனை. வளைவுக்குப் பக்கத்தில் நின்று அழுத்தத்தை ஏற்றி வால்வைத் திறக்க வைக்கப்போகிறவர் ஆபரேட்டர் வெற்றிச்செல்வன்.

(அவருக்கு ஒரு கைக்குழந்தை சேர்த்தேன். அடித்துவிட்டேன். குழந்தை இருந்தால்தான் அந்த உயிருக்கு மதிப்பா?)

3
மேனகா அழுதாள் என்று எழுதியிருந்தேன். வகுப்பு முடிந்து மூலக்குளத்துக்கு வண்டியை எடுக்குமுன் படித்துப் பார்த்தாள்.

"நான் எங்கடி அழுதேன்? அந்தாள நிக்க வெச்சுக் கேட்டேன். அத எழுதாம நீயும் நீலம் பூசறியா?"

வாசகர் இரக்கப்படட்டும் என்று அவள் கோபத்தை நான் மழுப்பியிருக்கிறேன். அந்த மேனேஜருக்கும் எனக்கும் என்ன...

4
அவள் கேட்டது இதுதான். ரிப்போர்ட்டை அவர் மேசைக்கே தள்ளிவிட்டு:

"படம் சரின்னா, திங்கக்கெழம வெற்றிச்செல்வன் அண்ணன் நிக்கிற எடத்துல நீங்க நில்லுங்க சார். அப்புறம் கேளுங்க கையெழுத்த."

ஆபீஸே திரும்பிப் பார்த்ததாம். அவர் ஏசியைக் கூட்டச் சொன்னாராம்.

5
முடிவு அ: சோதனையை அவரே நிறுத்துகிறார். (எந்த ஊரில்?)

முடிவு ஆ: மேனகாவுக்கு வேலை போகிறது, வேறொருத்தர் கையெழுத்துப் போட, வெற்றிச்செல்வன் வால்வை...

இன்று ஞாயிறு. ஒரு வரி எழுதினால் போதும், யாரையும் அந்த வளைவருகே நிறுத்திவிடலாம். இத்தனை சுலபமாக இருப்பதால்தான் மறுக்கிறேன். நாளைக் காலை வால்வு திறக்கும். பக்கத்தில் நிற்பவர் பெயரை நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது உங்கள் கை எங்கே தயங்குகிறது என்றும் பாருங்கள்.