பையன் எப்படி?

பிரவீனாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. குற்றவியல் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. களப்பயிற்சிக்கென்று நன்னடத்தை அலுவலர் கோதண்டத்திடம் அனுப்பியிருந்தார்கள். இத்தனை நாளும் பழைய கோப்புகளைத் தூசி தட்டவைத்த மனுஷர், இன்றைக்குத்தான் உருப்படியான வேலை ஒன்று கொடுத்தார். சேரப்பணஞ்சேரி சுபாஷ், வேலை பார்த்த கம்பெனியிலேயே செம்புக் கம்பி திருடி மாட்டிக்கொண்டவன். முதல் தப்பு, ஒப்புக்கொண்டும் விட்டான். சிறையா, நன்னடத்தைப் பிணையில் வீடா என்று கோர்ட் நாளைக்குச் சொல்லிவிடும். அதற்குள் அக்கம்பக்கத்தில் விசாரித்தாக வேண்டும்.

"நீ கேட்டுனு வர்றத வெச்சுதாம்மா நான் எழுதணும்," என்றார் கோதண்டம்.

கேஸ், கோர்ட் என்று தெருவில் தம்பட்டம் அடித்து ஆளை அசிங்கப்படுத்தக் கூடாது என்பது வகுப்பில் படித்த பாடம். பாடத்தை மீறுகிற பெண்ணா அவள்? டீக்கடை பிச்சையாவிடமும், பையனின் பக்கத்து வீட்டு சரோஜாவிடமும் பதவிசாகத்தான் கேட்டாள். பையன் எப்படி? குடிப்பானா? வேலையில் நிலைத்து நிற்பானா? சேர்க்கை எப்படி?

பிச்சையா தலையைச் சொறிந்துகொண்டு, "வேணாம்மா, சரிப்படாது," என்றதோடு சரி.

சரோஜா விடுவாளா? உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். "நீ மட்டுமா வந்த? பெரியவங்க வரலியா?"

"சாருக்கு வேற வேலைக்கா." கோதண்டத்தைத்தான் கேட்கிறாள் என்று பிரவீனா நினைத்துக்கொண்டாள்.

"அப்ப உன்னாண்டயே சொல்லிடறேன். சாயங்காலமானா சுங்குவார்சத்திரம் பசங்களோட குடி. எந்த கம்பெனியிலயும் ஒழுங்கா நின்னதில்ல. பெத்தவள எதுத்துப் பேசுவான். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்தவம்மா. உங்களாண்ட மறைச்சிருப்பாங்க."

வெளியே வந்ததும் பிரவீனா போனில் ஒப்பித்தாள். "அப்ப உள்ளதான் போவணும். சாயங்காலம் எழுதிடறேன்," என்றார் கோதண்டம். முதல் விசாரணையே கச்சிதம் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, ஆபீசில் அவளைப் பார்த்திருந்த சுபாஷே எதிரில் வந்து நின்றான். "மேடம், யாராச்சும் நல்லதா சொன்னாங்களா?" என்று கேட்டான். பெருமையெல்லாம் எங்கே போயிற்றோ. ரோட்டைப் பார்த்தபடி, "பாக்கலாம்," என்றாள்.

படப்பைக்குக் கிளம்பிய ஆட்டோவில் சரோஜாவும் ஓடிவந்து ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும், "பொண்ணு யாரு, உங்கக்காவா? தப்பிச்சா மகராசி!" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"அடியே, மாப்ள எப்படின்னு விசாரிக்கத்தானே வந்த?"

பிரவீனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடமாவது மண்ணாங்கட்டியாவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சரோஜா தலையிலடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பொண்ணு குடுக்க லாயக்கில்லன்னேன். ஜெயில்ல போடுன்னா சொன்னேன்?"

"அப்ப சொன்னதெல்லாம் பொய்யாக்கா?"

"பொய் இல்ல, நெசந்தான். ஆனா எங்க வூட்டுக்காரர வாரத்துக்கு ரெண்டு தபா டயாலிசிஸ்க்குத் தாம்பரம் இட்டுனு போறவன் யாரு? அவந்தான். ஒரு நாளு பெட்ரோலுக்குக்கூட கை நீட்டல. அத சொன்னா நல்லவன்னு நம்பி ஒரு பொண்ணத் தள்ளிடுவீங்களேன்னு வாயில வந்தத முழுங்கினேன்டி!"

ஆட்டோவை நிறுத்தி இருவரும் இறங்கினார்கள். நடந்ததைச் சொன்னதும் போனில் கோதண்டம் காய்ச்சி எடுத்தார். "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணா? பயிற்சி மார்க்குல கை வெச்சிடுவேன் பாத்துக்கோ!"

"வெச்சுக்கோங்க சார். தப்பு என்னுது. அதுக்கு அவன் உள்ள போகக் கூடாது."

கோதண்டம் குரலை இறக்கினார். "வாயால நல்லவன்னு யார் வேணா சொல்லுவாங்க. தெருவுல ஒருத்தர் அவனுக்கு ஜாமீன் கையெழுத்து போடறேன்னு வரட்டும், விடலாம்னு எழுதறேன்."

வெயிலில் திரும்பி நடந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் பிச்சையா, "தங்கமான பையம்மா!" என்றார். கையெழுத்து என்றதும் பாலைப் பார்க்க உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. பிரவீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரோஜாவைப் பார்த்தாள். அவள் எதிரே தன் வீட்டு வாசலில் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். அவன் தவறினால் ஜாமீன் பணத்தை அவள்தான் கட்ட வேண்டும்; அவளுக்கென்று இருப்பதோ அந்த ஒரு வீடுதான்.

தன் வீட்டுப் படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுபாஷ் எழுந்து வந்தான். "வேணாங்க்கா. நான் பாட்டுக்கு மறுபடியும் எதனா பண்ணிட்டா நீதான் கோர்ட்டுக்கு அலையணும். என் மேல எனக்கே நம்பிக்க இல்ல."

சரோஜா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "உன்ன யார்ரா கேட்டா? இனிமே குடிச்சினு வா, நானே கோர்ட்டுல சொல்லி உள்ள தள்ளறேன்."

பிறகு பிரவீனாவிடம் திரும்பி, "இரும்மா, ஆதார் கார்டு எடுத்துனு வரேன்," என்று உள்ளே போனாள். அடி வாங்கிய முதுகைத் தடவக்கூடத் தோன்றாமல் சுபாஷ் தெருவிலேயே நின்று அழுதான்.