கண்டல் நட்ட தண்ணீர்

கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் வேண்டும், இயந்திரம் பூட்டக் கூடாது, பொழுது சாய முதல் கரையேற வேண்டும் என்று ஆயிரம் சட்டம் இருந்த சண்டைக் காலம். இறக்கக்கண்டி றஊப்புக்குச் சோறு போட்டது, கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்புத்தான். கண்டல் மரக் கொப்புகளை வெட்டிச் சேற்றில் ஊன்றி வைப்பான். நிழலுக்கு மீன் ஒதுங்கும். சுற்றி வலை வளைப்பான். கொப்பு நட்டவனுக்குத்தான் அந்தத் தண்ணீர். எழுதிய உறுதிப் பத்திரமும் இல்லை, ஒப்பமும் இல்லை, ஆனால் இன்னொருவன் தோணி அதற்குள் வராது.

சண்டை ஓய்ந்திருந்த நாட்களில் ஐரோப்பாக்காரரின் நிறுவனமொன்று வந்தது. அவர்கள் நாட்டு ஆலைப் புகையால் உலகம் சூடாகிறதாம். குறைப்பதாக உலக நாடுகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம். ஆலையை நிறுத்த மனம் வரவில்லை, அந்தப் புகையை உறிஞ்ச மரம் நட இடம் தேடினார்கள். அவர்களோடு உத்தியோகமாக வந்தவன் நிலாவெளிச் சோமசேகரம். அவன் தகப்பனும் இதே களப்பில் கொப்பு நட்டவர். றஊப்பை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“கண்டல் கண்டு நடுங்கோ காக்கா.”

“என்ட தண்ணிக்குள்ளயா?”

“நட்டவனுக்குத்தானே தண்ணி. நான் உங்களுக்குச் சொல்லவேணுமே?”

அந்த ஒரு சொல்லை நம்பி, மரம் வளர்ந்தால் நிழலும் மீனும் பெருகும் என்று றஊப் தன் கொப்புகளைத் தானே பிடுங்கி எறிந்தான். அவனும் மனைவி ரபீக்காவும், அவள் தம்பி அஸீமும் இடுப்பளவு சேற்றில் நின்று கன்று நட்டார்கள். எழுதி வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீரை எவன் எழுதி வாங்கினான்?

கன்றுகள் வேர் பிடித்தன. சண்டையும் திரும்ப மூண்டது. ஒருநாள் பார்த்தால் களப்பு வாயில் பலகை நிற்கிறது: உட்செல்லத் தடை.

றஊப் சோமசேகரத்தின் வாகனத்தை மறித்தான்.

“என்னடா கதை இது?”

“ஒரு கொப்பும் முறியக்கூடாதாம் காக்கா. முறிஞ்சா அங்க அவங்கட புகைக் கணக்கில இந்த மரத்தைக் கழிக்க ஏலாதாம். முப்பது வருசத்துக்கு ஒப்பந்தம்.”

“அவன் புகைய விடுறதுக்கு நான் மீன விடோணுமா?”

சோமசேகரம் ஏற்றப்போன வாகனக் கண்ணாடியை றஊப் கையால் அழுத்திப் பிடித்தான்.

“வெள்ளைக்காரனுக்கு எங்கட வழக்கம் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னாய்.”

“காவல் வேலை ஒண்டு இருக்கு. உங்களுக்கே எடுத்துத் தாறன்.”

“என்ட ஆக்கள நானே விரட்டவா? போடா!”

அடுத்த கிழமை வெள்ளைக்காரர் மரம் பார்க்க வந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே வலை போட்டால் என்ன ஏதென்று கேட்பார்கள், களப்பு வழக்கத்தைச் சொல்லிவிடலாம் என்று றஊப் தோணியை இறக்கினான். பலகையடியில் புதுத் தொப்பியோடு ஒருவன் கை நீட்டி மறித்தான். அஸீம்.

“மச்சான், திருப்புங்க.”

“நீயும்தானே இந்தச் சேத்துக்குள்ள நின்டு நட்டாய்?”

“புள்ளையள் பசியில கிடக்குதுகள். நீங்க மாட்டன் எண்டு சொன்ன வேலை, நான் எடுத்தன். திருப்புங்க மச்சான், அவங்க படம் எடுக்கிறாங்க, தோணி உள்ள வந்தா என்ட வேலை போயிடும்.”

கரையில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி, பச்சை மரங்களுக்கு நடுவே தோணியைக் கண்ட மகிழ்ச்சியில், கை அசைத்தாள். றஊப் அஸீமின் முகத்தை ஒருதரம் பார்த்தான். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோணியைத் திருப்பினான்.