டோக்கன் கேட்கும் மெஷின்

...காசு கேட்டிருந்தால் போட்டுத் தொலைத்திருக்கலாம், காசா கேட்கிறது இது, டோக்கன் அல்லவா கேட்கிறது. டீனா விரலை விசைமேல் வைத்தபடியே அழுத்தாமல் இருந்தாள். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெரு மாடியில் டென்சில் பாடம் நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டர், மத்தியானம், பிள்ளைகள் யாரும் இல்லை, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து... நீ சுரங்கத்தின் அடியில் தனியாக நிற்கிறாய், எதிரே ஒரு மெஷின், யார் வைத்ததோ தெரியாது, உன் பித்தளை டோக்கனைப் போட்டால் குடிக்க ஏதோ ஒன்று தரும், போடுகிறாயா? நாம் சொல்கிற பதிலைப் பிடித்துக்கொண்டு கதை போகுமாம், அவனே எழுதிய விளையாட்டு, நாளைக்கு பெங்களூரில் ஒரு கம்பெனிக்குக் காட்டப்போகிறான், பிடித்தால் வேலை, வேலை வந்தால் கல்யாணம், ஞாயிறு பூசையில் முதல் கல்யாண ஓலை வாசிக்க ஃபாதரிடம் சொல்லியாயிற்று... எல்லாம் சரி, டோக்கன் நம்பர் நானூற்றுப் பதினேழு என்று எதற்குப் போட்டான், அது அப்பாவுடையதாயிற்றே.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவன் டோக்கனை வாங்கிக்கொண்டு இறங்குவான், ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பான், அவன் நம்பர் போட்ட கொக்கியில் மாட்டிவிடுவார்கள், கொக்கி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். டோக்கனைக் கீழே விட்டுவிட்டவன் மேலே வந்தாலும் வராதவன்தான் என்பார் அப்பா. அன்றைக்குக் கீழே பாறை வெடித்து வீடெல்லாம் ஆடியது, அலமாரிப் பாத்திரங்கள் உருண்டன, அது எப்போதும் நடப்பதுதானே என்று அம்மா எடுத்து அடுக்கினாள், அடுக்கி முடித்த பிறகுதான் தெருவில் பெண்கள் ஓடுகிற சத்தம்... அப்பாவின் கொக்கி காலி, சாயங்காலமும் காலி, மறுநாளும் காலி. ஆளும் வரவில்லை, டோக்கனும் வரவில்லை. கல்லறைத் திருநாளில், உள்ளே யாரும் இல்லாத அந்தக் கல்லறைமேல் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு இதையெல்லாம் டென்சில் ஒருவனிடம்தான் சொன்னாள், கையைப் பிடித்துக்கொண்டு கேட்டானே... அப்போதே மனதில் எழுதிக்கொண்டிருந்தானா?

வேண்டாம் என்று தட்டினாள். போடுகிறாயா? வேண்டாம். போடுகிறாயா?

"இன்னா டீனா, இம்மா நேரமா? ஒரு எழுத்து தட்டு, அவ்ளோதான்."

"போடலன்னா இன்னா ஆவும்?"

"ஒன்னும் ஆவாது, கேட்டுக்கினே இருக்கும். பெங்களூர் ஃப்ரெண்டுங்க பாத்த உடனே போட்டுட்டானுங்க. போடாம நிக்கறது நீங்க மைன்ஸ் ஆளுங்க மட்டுந்தான்."

நீங்களாம். இவன் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், இவன் அப்பா காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் பஸ்ஸில் இறங்குவார், இவன் வீட்டில் பாத்திரம் உருண்டால் பூனை.

"நம்பர மாத்து டென்சில்."

"பேரா போட்டேன், வெறும் நம்பர்தானே. அது இருந்தாத்தான் கதைக்கு உசுரு."

உசுரு... நல்ல வார்த்தை. இறங்கிப் போய் ஃபாதரிடம் ஓலையை நிறுத்தச் சொல்லவேண்டும், அம்மாவிடம் என்ன சொல்வது, விளையாட்டில் ஒரு நம்பர் போட்டான் என்றா, சுரங்கத்தையே மூடியாயிற்று, இனி எந்தக் கொக்கியில் எதை மாட்டப்போகிறாய் என்பாள். எழுந்திருக்க வேண்டியதுதான், ஆனால் அது என்ன தரும், இவ்வளவு தூரம் வந்து அதைப் பார்க்காமலா... அழுத்திவிட்டாள்.

கப் நிறைந்தது. டீ, சர்க்கரை இல்லாமல், அப்பா குடிப்பதுபோலவே. அதையும் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. ஆளை மேலே தூக்குகிற கேஜ் ஏறுகிறது, ஏறுகிறது, வெளிச்சம், கதை முடிந்தது, மறுபடி விளையாடுகிறாயா?

"மேல யாரும் டோக்கன் கேக்கலியே?"

"எதுக்குக் கேக்கணும்? அதான் ஆளு வந்துட்டான்ல."

வந்துவிட்டான்... எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான், அதுகூடப் பரவாயில்லை, அந்த வெளிச்சம் வந்த நொடியில் அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, வந்துவிட்டார் என்றுதான் இருந்தது. அதற்காக இவனை மன்னிப்பதா, அதற்காகவே மன்னிக்காமல் விடுவதா... ஃபாதரிடம் போகவேண்டும், இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே கீழே பார்த்தாள், விரல் மறுபடி அந்த விசைமேலேயே இருந்தது.