சரளைப் போர்வை

என்ஜினீயர் மனைவி ஓடைக்குக் குறுக்கே சுவர் எழுப்பிக் கட்டிய மணல் அணையைப் பார்க்கும்போதெல்லாம், ஊர்க்குழாய்க்கு மோட்டார் போடும் மோட்டார்காரருக்கு மானம் போனது. ஊரின் குடிதண்ணீர் முழுக்கச் சுவருக்குப் பின்னால் சேர்ந்த அந்த மணலுக்குள்தான் இருந்தது. மேலே பார்த்தாலோ ஒட்டகம்கூட மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கிப்போகும். பத்தாததற்கு மணல்மேல் சரளைக்கல்லை வேறு கனமாகப் பரப்பியிருந்தாள் அந்த என்ஜினீயரம்மா. கோடைக் கடைசியில் வருவேன், குழாயில் தண்ணீர் வராவிட்டால் சுவரை இடித்துவிடுவேன் என்று அவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"உங்க வீட்டம்மா தண்ணிக்குச் சமாதி கட்டிட்டாங்க போல" என்றார் முடிதிருத்துபவர். கத்தி கழுத்தில் இருக்கும்போது எவன் வாதாடுவான்?

ஊர் வாயை அடைக்க ஒரே வழிதான் அவருக்குத் தோன்றியது. மணலுக்குள் இறக்கியிருந்த, மோட்டார் தண்ணீர் இழுக்கும் உறைகிணற்றைச் சுற்றிச் சரளையை வாரி ஒதுக்கினார். கீழே ஈரமணல் கருகருவென்று, எண்ணெய் வைத்த தலைபோல மின்னியது. ஊரே வந்து பார்த்தது. ஒரு வாரம் மீசையை முறுக்கியே அவருக்கு விரல் தேய்ந்துபோனது.

வெளியூர் வேலை முடிந்து வந்த மனைவி அதைப் பார்த்தாள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். வெளியூர் போகுமுன் ஒரே நாளில், ஒரே அளவு மணலும் தண்ணீரும் அவள் நிரப்பி வெயிலில் வைத்த இரண்டு வாளிகள். ஒன்று திறந்தது, இன்னொன்றின்மேல் சரளை.

சரளையை வழித்துக் கீழே போட்டாள். "இப்ப ரெண்டையும் தூக்குங்க."

திறந்த வாளி பஞ்சுமூட்டையாக எழும்பி அவர் மூக்கை இடித்தது. சரளை இருந்த வாளி அசையவே இல்லை. அவர் இடுப்பு போட்ட சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது.

"பொடிமணல் விளக்குத் திரி மாதிரிங்க. கீழ இருக்கற தண்ணிய மேல இழுத்துட்டு வரும். மேல பெருசு பெருசா சரளை இருந்தா திரி அங்கயே அறுந்துடும். மேல காஞ்சு கெடந்தாத்தான் உள்ள தண்ணி நிக்கும்."

"அப்ப நான் செஞ்சது?"

"வெயிலுக்குப் பந்தி வெச்சிருக்கீங்க."

அன்றைக்கே சரளையைத் திருப்பி மூடினார். கை கொப்புளம் போட்டதையும் மறந்து, கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் வாளிக் கதையைச் சொன்னார். கழுத்தில் கத்தி இருந்தபோதுகூடச் சொன்னார்.

கோடைக் கடைசி. சுற்றுவட்டாரத்துக் குளமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேலதிகாரி வந்து சரளையைப் பூட்ஸால் எத்தி, "சுத்தமா காஞ்சு போச்சே" என்றார்.

"ஆமாங்க சார், அருமையா காஞ்சிருக்கு" என்று பெருமையாகச் சொல்லி மோட்டாரைப் போட்டார் அவர். குழாய் ஒருதரம் இருமியது. பிறகு வந்த தண்ணீரில் அதிகாரியின் பேன்ட் முழங்கால்வரை நனைந்தது.

மனைவி ஈரக்காலைப் பார்க்கவில்லை. தெறித்த தண்ணீரைச் சரளை எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.