பாம்புச்செவியின் தலையாட்டல்

காப்பீடு இல்லாதவர்களுக்காக மருத்துவ மாணவர்கள் ஞாயிறுதோறும் நடத்தும் இலவச கிளினிக்கில் அவனுக்குப் பட்டப்பெயர் பாம்புச்செவி. மற்றவர்களுக்குப் பிடிபடாத இதயச் சத்தமெல்லாம் அவனுக்குக் கேட்டுவிடும். அதில் பயலுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்பானேன்.

அங்கே ஒரு முறை இருக்கிறது. முதலில் மாணவன் பார்க்க வேண்டும், பிறகு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். அவர் பார்க்காமல் யாரையும் அனுப்பக்கூடாது.

மழைக்காலத்தில் வீட்டு வேலை செய்யும் ஓர் அக்கா வந்தார். ஓட்டல் லாண்டரியில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்களாம். ஈரப் படுக்கைவிரிப்புகளைத் தூக்கிப் போடும் வேலை, உடம்பு தாங்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். பாம்புச்செவி ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் மெல்லிய உருட்டல் சத்தம் கேட்டது. வால்வு சுருங்கினால் வரும் சத்தம், அதுவரை புத்தகத்தில் மட்டுமே படித்தது. பாவி மகன், அக்காவிடம் சொன்னானா? கூட்டாளிகளை அல்லவா கூப்பிட்டான்.

ஆளாளுக்கு வைத்துக் கேட்டார்கள், அவன் நடுவில் நின்று பாடம் நடத்தினான். யாராவது பெரிய டாக்டரிடம் கூட்டிப்போவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பலபேர் கூடி அடித்த பாம்பு சாகாது என்பது சும்மாவா? பாடம் முடிந்தபோது அக்கா போயிருந்தார். அன்று கூட்டம் வேறு, அவனும் மறந்தே போனான்.

இன்று அக்கா தன் தங்கையோடு வந்திருக்கிறார்.

"இவ நெஞ்சையும் நீங்களே பாருங்க தம்பி. அத்தனை பேர் பாத்து நல்லாருக்குன்னு அனுப்புனீங்களே, அந்த தைரியத்துலதான் லாண்டரியில சேந்தேன்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். செருப்பு வார் வீங்கிய காலில் பதிந்திருந்தது. பாம்புச்செவி தங்கையை விட்டுவிட்டு அக்காவைத்தான் உட்காரச் சொன்னான். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அதே உருட்டல், இப்போது நுரையீரலிலும் நீர்ச்சத்தம்.

பெரிய டாக்டரைக் கூப்பிட ஆளனுப்பினான். அவர் வருவதற்குள் மழுப்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்ததும் நிஜம். வெட்கமாக இருந்தது.

"அக்கா, உங்க இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கு. பாரம் தூக்கவே கூடாது. அன்னிக்கே எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லல, டாக்டர்கிட்டயும் சொல்லல. என் தப்புதான்."

தங்கை அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவனையே பார்த்தார்.

"வேலைக்குப் போகட்டுமான்னு நான் கேட்டேனே தம்பி. நீங்க தலையாட்டுனீங்களே."

அவன் தலையாட்டியது பாடம் கேட்ட கூட்டாளிக்கு.

"நீங்க கேட்டது என் காதுலயே விழலக்கா."

அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. தன் நெஞ்சில் இன்னமும் இருந்த ஸ்டெதஸ்கோப்பைக் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு கிட்டத்துலதானே தம்பி நின்னீங்க."